தாய்மாமன் கடந்த இரும்புப் பாலம்

காது குத்துவதற்காகக் கடல் தாண்டிப் போனவன் நான். காது என்னுடையது அல்ல. என் அக்கா மகள் கோமதியுடையது.

நாங்கள் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது அப்பா, அம்மா, நான் மூவரும் இந்தியாவின் பங்கில் வந்தோம். அக்கா பாக்கியத்துக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மச்சான் ராமையாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா துறையூர்ப் பக்கம் கல் உடைத்து என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். இப்போது ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியார்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் ஊரில் இல்லையென்றால் அந்த முறையில் வேறு யாரையாவது உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அக்கா ஒப்பவில்லை. "எனக்குத் தம்பி இல்லாமலா போயிட்டான்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான், அவ்வளவுதானே" என்று சொல்லி, மூன்று வயதில் குத்த வேண்டியதை ஐந்துக்குத் தள்ளினாள், ஐந்தை ஏழுக்குத் தள்ளினாள். இரட்டைப்படை வயதில் குத்த மாட்டார்கள். கோமதிக்கு வருகிற தையில் எட்டு பிறக்கிறது. கார்த்திகைக் கடைசி நாளில், பகல் பன்னிரண்டுக்குள், நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். மறுநாள் மார்கழி, அந்த மாதம் முழுக்க எந்த நல்ல காரியமும் கிடையாது. தை வரை தங்க எனக்கு லீவும் இல்லை, விசாவும் இல்லை. அந்த ஒரு நாளை விட்டால் அக்காவின் இத்தனை வருடப் பிடிவாதம் வீண்.

பாஸ்போர்ட் வாங்கிய கதையை எழுதினால் தனிப் புத்தகமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் ரயில் பாம்பன் பாலத்தில் ஊர்ந்தது. சன்னலுக்குக் கீழே தண்டவாளம் தெரியவில்லை, பச்சைக் கடல்தான் தெரிந்தது. பெட்டியில் பாதிப் பேர் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். மறுகரை வந்ததும், இவ்வளவு பெரிய பாலத்தையே தாண்டியாகிவிட்டது, இனி வழியில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலில் எனக்கு நடந்ததை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் சீர்த்தட்டைப் பிரித்தார். பித்தளைத் தட்டு, பட்டுப் பாவாடை, சிவப்புக் கல் வைத்த கம்மல் ஒரு ஜோடி. யாருக்கு என்று கேட்டார். அக்கா மகளுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன் என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் மொழிபெயர்த்துச் சொன்னார்: "மாமா வந்துட்டாரு, கதவைத் தொறந்து விடுங்கங்கிறாரு."

வெளியே தேநீர் கேட்டேன். பால் இல்லாத சிவந்த சாயம் ஒரு கோப்பையும், தனியாகச் சின்னக் கிண்ணத்தில் சீனியும் வந்தன. சீனி மறுபடியும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த வருடம் அது. கடைக்காரர் கிண்ணத்தை எனக்கு அருகே நகர்த்தி, "நல்லாப் போடுங்க தம்பி. முந்தியெல்லாம் கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டுத்தான் குடிச்சோம்" என்றார். எங்கள் ஊரில் சர்க்கரைக்காக யாரும் இவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது ரயில் அப்புத்தளையில் நின்றது. அதுதான் கார்த்திகைக் கடைசி நாள். பனிமூட்டத்தில் ஸ்டேசன் பெயர்ப்பலகை பாதிதான் தெரிந்தது. வடை விற்பவர் கூடையைச் சன்னலுக்குத் தூக்கினார். பருப்பு வடைதான், ஆனால் அதன் தலையில் ஒரு முழு இறால், மீசையோடு உட்கார்ந்திருந்தது.

"எங்கள் ஊரில் வடைக்கு மீசை கிடையாது" என்றேன்.

எதிரில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். சலீம் நானா. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். "மீசையப் பிச்சுப் போட்டுட்டுத் தின்னுங்க தம்பி, அது ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று சொல்லித் தன் பாணையும் தேங்காய்ச் சம்பலையும் என் பக்கம் தள்ளினார். பாண் என்பது நம் ரொட்டிதான். அந்தச் சம்பலோடு தின்றால் ரொட்டிக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

அவருக்குப் பக்கத்தில் மடுல்சீமைக்குப் போகிற மாரியாயி அம்மா. கொழுந்து பறிக்கிறவர். நான் பேசுவதை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இந்தியாவுல எல்லாரும் இப்படித்தான் புஸ்தகத்தப் படிக்கிற மாதிரி பேசுவாங்களா?" என்று கேட்டார். வாத்தியார் வேலை அப்படி ஆக்கிவிட்டது என்றேன். "அப்ப அக்காகிட்ட மட்டும் வாயைத் தொறந்திடாதீங்க. யாரோ தொரை வந்திருக்காருன்னு எந்திரிச்சு நின்னுடப் போகுது" என்றார்.

எல்ல ஸ்டேசனைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் போகும்போது நானா, "இதுல இரும்பே கெடையாது. எல்லாம் கல்லும் சீமெந்தும். இரும்புப் பாலம் இனிமேத்தான் வருது" என்றார். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்றிருந்த ஸ்டேசனுக்கு அடியிலேயே நுழைந்து போனது. அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள் ஒரு சிறு ஸ்டேசனில் நின்றது. நின்றது நின்றதுதான்.

கார்டு குடை பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்து எதையோ அறிவித்தார். நானா சொன்னார்: "ஓயாவுல வெள்ளமாம். பாலத்துத் தூண்ல மரம் சிக்கிக் கெடக்காம். அதை எடுத்து, பாத்து, சரின்னு சொன்னாத்தான் கோச்சி நகரும்." ஓயா என்றால் ஆறு, கோச்சி என்றால் ரயில்.

அக்காவின் தோட்டம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கார்டிடம் கேட்டேன். தண்ணிமலைத் தோட்டம் என்றால் அவருக்குப் புரியவில்லை. தோட்டங்களுக்கு அங்கே இரண்டு பெயர். பலகையில் வெள்ளைக்காரன் வைத்த பெயர், ஆட்கள் வாயில் நம் பெயர். நான் வாயில் உள்ள பெயரை மட்டும் கற்றுக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன். நல்லவேளை, மாரியாயி அம்மா காப்பாற்றினார். "தண்ணிமலைதானே? அந்தா தெரியுது பாருங்க." ஆற்றுக்கு அந்தப் பக்கம், மழைக்குள், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரைகள் வரிசையாக.

லொரிப் பாதையிலும் மண் சரிந்து கிடந்தது. சுற்றிப் போனால் சாயங்காலமாகிவிடும் என்றார்கள். சீர்த்தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை நானாவின் பொறுப்பில் விட்டு, பாலத்துக்கு நடந்தேன். நானாவும் பெட்டியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். மாரியாயி அம்மா ஒரு சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தார்.

பாலம் பெரியதில்லை. பாம்பனோடு வைத்துப் பார்த்தால் அதன் பேரப்பிள்ளை. ஆற்றின் நடுவே ஒரு கல் தூண். அதன் மேல் இரண்டு இரும்புச் சட்டங்கள் கைகோத்து நின்றன. சீமையில் வார்த்து, துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து, இங்கே ரிவெட்டு அடித்துச் சேர்த்ததாம். "சேத்தது வெள்ளைக்காரன். மலைக்குத் தூக்கினது ஒங்க ஆளுங்க" என்றார் நானா. தூணில் ஒரு பெரிய சவுக்கு மரம் வேரோடு குறுக்கே அடைத்திருந்தது. பழுப்புத் தண்ணீர் அதில் முட்டி முட்டி ஏறியது.

ரயில்வே ஓவசியர் பண்டா ஐயா என்னை மறித்தார். காக்கிச் சட்டை, கையில் சிவப்புக் கொடி. நானா என் கதையைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். ஓவசியர் தலையை ஆட்டியபடியே கேட்டார்; ஆட்டியபடியே முடியாது என்றார். "எனக்கும் அக்கா மகள் இருக்கிறாள். ஆனால் இந்தத் தூண் நகர்ந்தால் மாமாவும் இல்லை, கோச்சியும் இல்லை" என்று நானா மொழிபெயர்த்தார். பிறகு ஓவசியரே தமிழில், "மாமா, கோவம் வேணாம். கொஞ்சம் இரி" என்றார்.

அப்போதுதான் மறுகரையில் ஒரு கூட்டம் இறங்கி வருவது தெரிந்தது. என்னை ஸ்டேசனில் வரவேற்க வந்தவர்கள். அங்கே நின்ற கொடிக்காரர் அவர்களையும் நிறுத்திவிட்டார். முன்னால் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலை நிறையப் பூ வைத்த சின்னப் பெண். கல்யாணச் சேலையில் கண்டதற்குப் பிறகு நான் அக்காவைப் பார்த்ததில்லை. அவள்தானா? கையை ஆட்டினேன். அந்தச் சிவப்புச் சேலை இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. கத்தினேன். கத்தினாள். ஓயா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் தப்புப் பறையோடு ஒருவர் இருந்தார். வேலு என்று பிறகு தெரிந்துகொண்டேன். குரல் எட்டாததைப் பார்த்து அவர் தப்பை உயர்த்திப் பிடித்து அடித்தார். நீளமாக, இடைவிடாமல், ஒரே சீராக. மலைக்கு மலை கேட்கிற அடி அது.

தண்டவாளக் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த மாரியாயி அம்மா துள்ளி எழுந்து, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கூடையைத் தேடினார். கூடை இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன அம்மா?" என்றேன்.

"பெரட்டுத் தப்பு! வெள்ளன வேலைக்குக் கூப்பிடுற அடி. அது விழுந்தா குந்தியிருக்க முடியுமா? பேர் பதிஞ்ச ஆளு அத்தனை பேரும் போய் நிக்கணும்."

ஓவசியரின் சிக்கல் இது: மரத்தின் வேர் நம் கரைப் பக்கம், கிளை அந்தக் கரைப் பக்கம். அங்கே கிளைகளை வெட்டிவிட்டு, இரண்டு முனையிலும் கயிறு கட்டி இழுத்தால் மரம் ஆற்றின் போக்குக்குத் திரும்பிக்கொள்ளும். ஆனால் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், ஒரே நேரத்தில் விட வேண்டும். கொடி காட்டலாம் என்றார் அவருடைய ஆள் ஒருவர்.

மாரியாயி அம்மா குறுக்கே புகுந்தார். "குனிஞ்சு வெட்டுறவன் கொடியை எப்படிப் பாப்பான்? தப்பு அடிக்கச் சொல்லுங்க, கேப்பான்."

நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். ஓவசியர் தப்புக்காரரைப் பார்த்தார், தன் கொடியைப் பார்த்தார். சரி என்றார்.

அவருடைய ஆள் ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் ஓரமாகவே நடந்து மறுகரைக்குப் போய்ச் சேதி சொன்னார். போகும்போது அவரிடம், "தம்பி வந்துவிட்டான் என்று அக்காவிடம் சொல்லுங்கள்" என்றேன். "அதான் தெரியுதே" என்றபடி போனார்.

மச்சானும் ஏழெட்டுப் பேரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற வளைந்த கத்திகள். கிளைகள் ஒவ்வொன்றாக ஆற்றோடு போயின. இந்தப் பக்கம் ரயில்வே ஆட்களோடு பயணிகளும் கயிற்றைப் பிடித்தோம். எனக்கு முன்னால் கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்த ஒரு சிங்களத் தகப்பன், பின்னால் நானா. ஓவசியர் கொடியை உயர்த்துவார். வேலு அதைப் பார்த்து இரட்டை அடி அடிப்பார். இரண்டு கரையும் இழுக்கும். கொடி தாழும்; ஒற்றை அடி; விடுவோம். என் உள்ளங்கை உரிந்தது. "வாத்தியாரே, சாக்கட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க!" என்று நானா பின்னாலிருந்து கத்தினார்.

எத்தனை இழுப்பு என்று தெரியாது. ஓர் இரட்டை அடியில் மரம் முனகியது. மெதுவாகத் தலை திரும்பியது. தூணை உரசிக்கொண்டு நழுவிப் போயே போய்விட்டது. இரண்டு கரையிலும் கூச்சல் எழுந்தது. எது சிங்களம், எது தமிழ் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

ஆனாலும் ஓவசியர் அசையவில்லை. கயிற்றைப் பிடித்துத் தூணில் இறங்கிப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் ரிவெட்டுகளைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். மணி பதினொன்று தாண்டிவிட்டது. நானும் அவரோடு ஒவ்வொரு ரிவெட்டுக்கும் மூச்சைப் பிடித்தேன். ஏறி வந்தவர், முதலில் ட்ரொலியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நாலு சக்கரத்தின் மேல் ஒரு பலகை; ஆட்கள் தள்ளிக்கொண்டு போவது. "வெறும் ட்ரொலி போனா என்ன தெரியும்? பாரம் வேணும்" என்று சொல்லி என்னைப் பார்த்தார். "மாமா, ஏறு."

"பாரத்துக்கு நானும் வரவா?" என்றார் நானா.

ஓவசியர் அவருடைய வயிற்றைப் பார்த்துச் சொன்னதை நானா எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். ரயில்வே ஆட்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

சீர்த்தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஓவசியர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் தள்ளினார்கள். கட்டைகளுக்கு இடையில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. தண்ணீர் நிற்பது போலவும் பாலம் ஓடுவது போலவும் இருந்தது. நடுத்தூணின் மேல் வந்தபோது ஓவசியர் ட்ரொலியை நிறுத்தச் சொல்லி இரும்பில் உள்ளங்கையை வைத்தார். நானும் வைத்தேன். குளிர்ந்திருந்தது. இரும்பு நடுங்கவில்லை.

அக்கா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. மேலும் கீழும் பார்த்தாள். "இம்புட்டு ஒல்லியாவா இருக்க? அம்மா சோறு போடுறதில்லையா?" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் என் தலையைத் துவட்டத் தொடங்கி, நிறுத்த முடியாமல் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

கோயிலுக்கு மேட்டில் ஏற வேண்டும், நேரம் காணாது. பாலத்து முனைக்குப் பக்கத்தில் குங்குமம் பூசிய ஒரு கல் இருந்தது. பாலத்து முனி. ஓவசியரும் இறங்கியவுடன் அதைத் தொட்டுத்தான் நெற்றியில் வைத்தார். அக்கா கல்லைக் காட்டினாள். "இவரு சாமி இல்லியா? இங்கயே குத்துங்க ஆசாரி." ஆசாரியைக் கையோடு இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். நாலு பேர் சாக்குகளை உயர்த்திப் பிடித்தார்கள், அதுதான் பந்தல்.

கோமதி என் மடியில் உட்காருவதற்கு முன் என் முகத்தை நன்றாக ஆராய்ந்தாள். "மாமாவுக்கு மீசையே இல்ல" என்று அம்மாவிடம் புகார் சொன்னாள்.

"இந்தியாவுல மீசைக்கும் ரேசன் போல பாப்பா" என்றார் வேலு.

முதல் காதுக்கு அவள் அழவில்லை. என் சுண்டுவிரலைப் பிடித்து நெரித்தாள், அவ்வளவுதான். இரண்டாம் காதுக்கு வாயைத் திறந்தாள் பாருங்கள், தப்புச் சத்தமே அமுங்கிவிட்டது. சிவப்புக் கல் கம்மல் இரண்டு காதிலும் ஏறியபோது பன்னிரண்டுக்கு இன்னும் சற்று மிச்சமிருந்தது. அக்கா அப்போதுதான் அழுதாள்.

நாங்கள் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தபோது ஊதியபடி ரயில் வந்தது. ஓவசியர் பச்சைக் கொடி காட்ட, நடை வேகத்தில் பாலத்தைக் கடந்தது. சன்னலில் நானாவும் மாரியாயி அம்மாவும். நானா ஒரு துணிப் பொட்டலத்தை எங்கள் பக்கம் வீசினார். "பிள்ளைக்குச் சட்டை தைங்க! பெட்டிய கடையில வந்து எடுத்துக்குங்க தம்பி!" மச்சான் அதைச் சேற்றில் விழாமல் பிடித்தார். பூப்போட்ட சீட்டித் துணி. கோமதி அழுகையை நிறுத்தினாள்.

அதன் பிறகான நாட்களில் எழுத அதிகமில்லை. எல்லாம் நல்ல நாட்கள். காலையில் கோதுமை ரொட்டி, காரச் சம்பல். லயத்துக் காம்பிரா ஒற்றை அறைதான்; எங்கள் வீட்டைவிட இடம் குறைவு, சத்தம் அதிகம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே மாஸ்டர் எல்லா வகுப்பையும் மேய்த்தார். ஒரு வாரம் அவருக்குக் கைகொடுத்தேன். கோமதி கம்மலைக் காட்டுவதற்காகவே எல்லாக் கேள்விக்கும் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். விடியலில் வேலுவின் தப்பு விழும். லயம் முழுக்கக் கதவுகள் திறக்கும். நான் மட்டும் போர்வைக்குள் கிடப்பேன். "உனக்கு இல்ல, நீ தூங்கு" என்று மச்சான் கத்தியோடு கிளம்புவார்.

புறப்படுவதற்கு முதல் நாள் அக்கா, ஆடி வாக்கில் இன்னொரு பிள்ளை பிறக்கப்போகிறது என்றாள். "அதுக்கும் மாமன் நீதான். இப்பவே லீவு எழுதிக் குடுத்துடு."

பதுளையில் ரயில் ஏறினேன். நானா வந்து வழியனுப்பினார். பாலத்துக்கு முன்னால், முனி கல்லுக்குப் பக்கத்தில், எல்லாரும் நிற்பது தெரிந்தது. அக்கா, மச்சான், சீட்டித் துணிச் சட்டையில் கோமதி. ஓவசியர் கூடத் தொப்பியை எடுத்துக்கொண்டு நின்றார். வெயில் அடித்தது, கம்மலின் சிவப்பு இங்கிருந்தே தெரிந்தது. ரயில் இரும்பின் மேல் ஏறியதும் வேலு தப்பை உயர்த்தினார். கல்யாண அடி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடித்தது பெரட்டுத் தப்பு. நீளமாக, இடைவிடாமல், ஒரே சீராக.

பெட்டியில் நான் ஒருவன்தான் எழுந்து நின்றிருந்தேன்.

"எறங்குறீங்களா?" என்று எதிரில் இருந்தவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "பெரட்டுக்குக் கூப்பிடுறாங்க."